ஈச்சங்குழிக்கு நூற்றுக்கு நூறு

ஜனவரி 9, வியாழன்

பெருமதிப்பிற்குரிய பயிற்சி அலுவலர் அம்மையார் அவர்களின் மேலான சமூகத்திற்கு, நாவல்மேடு மலைக்கிராமத்தின் சுகாதாரத் தொண்டர் வை. கோசலை பணிவுடன் வணங்கி எழுதிக்கொள்வது. கற்றல் நாட்குறிப்பினைப் புத்தாண்டின் முதல் நாளிலேயே தொடங்குமாறு தாங்கள் பணித்திருந்தும், எட்டு நாட்கள் காலந்தாழ்த்தியமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். தாமதத்திற்குச் சோம்பல் காரணமன்று. கோடிட்ட குறிப்பேடு அடிவாரச் சந்தையிலிருந்து வந்துசேர நேற்றாகிவிட்டது. கோடில்லாத தாளில் எழுதுவது என் வழக்கமன்று.

என்னைப் பற்றிச் சுருங்கக் கூறுவது முறை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளி வாழ்வு நின்றது. கடலை மடித்து வந்த நாளிதழ்த் துண்டுகளைப் படித்தே மீதித் தமிழைக் கற்றேன். முப்பத்து மூன்றாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினேன். இம்மலையிலிருந்து சாலை வேண்டியும் தெருவிளக்கு வேண்டியும் சென்ற மனுக்கள் அனைத்தும் என் கையெழுத்தே. ‘மேற்படி’ என்னும் சொல்லை உரிய இடத்தில் அமைக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் வேறெவரும் இலர்.

கைப்பேசிவழிப் பயிற்சி செவ்வனே நடைபெறுகிறது. வாரம் இரு பாடங்கள். காணொளி ஓடி முடிந்ததும் பத்து வினாக்கள். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. கரடிப்பாறைக்கு அரைமணி நேரம் ஏறினால் இரண்டு கோடு கிட்டும். அங்கமர்ந்தே பாடம் கேட்கிறேன். குரங்குகளும் உடன் கேட்கின்றன.

ஜனவரி 11, சனி

தாங்கள் பணித்தவாறு குறிப்பேட்டுப் பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினேன். ஒரு நிமிடத்திற்குள் தங்கள் மறுமொழி வந்தது: “மிக நன்று! உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது. தொடர்ந்து கற்போம்!” உடன் ஒரு தாமரைப் பூவின் படம். இத்தனை பக்கங்களையும் இவ்வளவு விரைவில் வாசித்து முடித்த தங்கள் திறனை எண்ணி வியந்தேன். வீட்டிற்கு வந்து என் கணவரிடம் காட்டினேன். “நான் பேசினா ஒரு வார்த்த பதில் சொல்லமாட்ட, அதுங்கிட்ட மட்டும் பக்கம் பக்கமா எழுதற” என்றார். அவர் கல்வியின் அருமை அறியாதவர்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீடு மெழுகினேன். பழைய பாய் எரித்தேன்.

பக்கத்துக் கிராமமாகிய ஈச்சங்குழியின் சுகாதாரத் தொண்டர் திருமதி தீர்த்தம்மாள் வருகை தந்தார். ஈச்சங்குழி எங்கள் ஊரிலிருந்து ஓடை தாண்டி இரண்டு மணி நேர நடை. ஆள் குள்ளம், வாய் பெரிது. அவ்வூரிலுள்ள நாற்பத்திரண்டு குடும்பத்துப் பெண்களில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று விரல் மடித்துச் சொல்லுவார். எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார். ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடிக்கலாம்.

கைப்பேசியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“அக்கா, இத நீயே வெச்சிக்க. எங்கூட்ல வெச்சா கோழி ஏறி நிக்குது.”

“உன் பேருக்குக் குடுத்தது தீர்த்தா. பாடத்த நீதான் கேக்கணும்.”

“கேக்கணும்னா அந்தப் பாறைக்கு ஏறணும். விடிஞ்சா கடுக்கா பொறுக்கப் போவணும். அதுல பாடம் சொல்ற உங்க டாக்டரம்மா வந்து பொறுக்குமா?”

“பாடம் முடிஞ்சதும் கேள்வி கேக்கும், பதில் அமுக்கணும்.”

“உனக்குத் தெரியாத பதிலா? நீ அமுக்கினா என்ன, நான் அமுக்கினா என்ன? வெரலுக்கா மார்க்கு?”

அவருடைய இக்கட்டினைக் கருத்திற்கொண்டு, உடன்பணியாளர் என்ற முறையில் உரிய உதவி செய்ய இசைந்தேன்.

ஜனவரி 18, சனி

பாடங்கள் 7, 8 இரு கைப்பேசிகளிலும் உரிய காலத்தில் நிறைவுற்றன. எனக்குப் பத்துக்கு ஒன்பது. தீர்த்தம்மாளுக்குப் பத்துக்குப் பத்து. என்னுடையதை முதலில் முடித்தால் தவறிய வினாவின் சரியான விடையை அது காட்டிவிடுகிறது. ஆகவே அடுத்ததில் தவறு நேர வழியில்லை. இந்நுட்பத்தைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

தங்கள் மறுமொழி: தாமரை.

ஜனவரி 24, வெள்ளி

பதினைந்து நாட்களுக்கொருமுறை எங்கள் தடத்தில் ஜீப்பில் வரும் செவிலியர் ஸ்டெல்லா சிஸ்டர் இன்று வந்தார். முதலில் நாவல்மேடு, பின்பு ஓடைவரை ஜீப், அங்கிருந்து நடந்து ஈச்சங்குழி. நானும் உடன் சென்றேன். சடச்சி என்னும் மூதாட்டியின் மருமகள் இளவரசிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். கணவன் குடகில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான். சிஸ்டர் அவள் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்த்து, “ராணி மாதிரி இருக்க, போ” என்றார்.

சடச்சிக்கு என்மீது ஏனோ இளக்காரம். “வந்துட்டாங்க கலெக்டரு. அம்மா, பேசறதுக்கு முன்னால சொல்லிடுங்க, நாங்க எழுந்து நிக்கறோம்” என்றாள். எல்லாரும் சிரித்தனர். இளவரசி மட்டும் எனக்கு மோர் கொடுத்தாள்.

ஜனவரி 29, புதன்

பாடம் 11: கருவுற்ற பெண்களிடம் காணப்படும் ஆபத்து அறிகுறிகள். மிகச் சிறந்த பாடம். தீர்த்தம்மாள் இதனை நேரில் கேட்க இயலாத குறையைப் போக்கும்பொருட்டு, அதன் சாரத்தை நானே தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் ஒரு பகுதியை இங்கு எடுத்தெழுதுகிறேன்:

“கருவுற்ற மகளிர்க்கு முகத்திலும் கரங்களிலும் நீர்க்கோவையால் வீக்கம் தோன்றுதல், ஓயாத் தலைநோவு, பார்வை மங்குதல் ஆகியவற்றுள் யாதொன்று தென்படினும், அன்னாரை மேல்நிலை மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாது அனுப்பிவைத்தல் இன்றியமையாததாகும்.”

நான்கு முறை அடித்துத் திருத்தி, ஐந்தாம் முறை படியெடுத்தேன். தீர்த்தம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எழுத்து முத்து மாதிரி இருக்குக்கா.”

“படிச்சுப் பாரு.”

“படிக்கறேன், படிக்கறேன். ஊட்டுக்குப் போயி நிதானமா.”

பிப்ரவரி 1, சனி

மகிழ்ச்சிக்குரிய நாள். முதல் பத்துப் பாடங்களின் மதிப்பெண்கள் வெளியாயின. எனக்குத் தொண்ணூற்று மூன்று. தீர்த்தம்மாளுக்கு நூற்றுக்கு நூறு. தடத்திலுள்ள இரு ஊர்களும் தொண்ணூறைக் கடந்தமையால் எங்கள் தடம் ‘பச்சைத் தடம்’ என அறிவிக்கப்பட்டுள்ளது. இனி ஸ்டெல்லா சிஸ்டர் பின்தங்கிய தடங்களுக்குச் செல்வார் என்றும், எங்கள் ஊர்களுக்கு ஏப்ரல் முப்பதாம் தேதி வருவார் என்றும் செய்தி வந்தது. தன்னிறைவு என்பது இதுவே.

தீர்த்தம்மாளின் சான்றிதழ் அவர் கைப்பேசியில் வந்திருந்தது. அவருடைய படத்தைச் சுற்றிப் பூ வளையம். அதைக் காட்டியதும் அலறினார்.

“அய்யய்யோ, எம் மூஞ்சிக்கு மாலை போட்டு அனுப்பிருக்காங்களே! நான் போய்ச் சேந்துட்டனா?”

“பாராட்டு தீர்த்தா. நீதான் முதலிடம்.”

“உன்னவிட ஒசத்தியா நானு?” என்று வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிறிது நேரம் கழித்து, “அப்ப நர்சம்மா வராதாக்கா?” என்று கேட்டார்.

“நாமே போதும்னு அர்த்தம்.”

கைப்பேசியைத் துணியில் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார்.

பிப்ரவரி 8, சனி

சாமை புடைத்தேன். பாடங்கள் 13, 14 நிறைவு. தாமரை.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் கடுக்காய் உலர்த்தினேன். ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல், மாதுளை ஓடு இடித்துக் கொடுத்தேன்.

பாறைக்குப் புறப்படும் வேளையில் தீர்த்தம்மாள் வந்தார். பாடங்கள் 15, 16 நாளைக்குள் முடியவேண்டும் என்பதால் நிற்காமல் நடந்தேன். அவரும் பேசிக்கொண்டே பாதி வழி வந்தார். ஊர்ச் செய்திகள்: கரடி வந்து தேனடையைக் கலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் பத்து நாளாக வரவில்லை. மற்றும் சடச்சி மருமகளைப் பற்றி.

“இளவரசி மூஞ்சி நல்லா பூரிச்சுப் போச்சுக்கா. சிரிச்சா கண்ணத் தேடணும். மோதரத்தக் கழட்ட முடியல, சோப்புப் போட்டு இழுத்தோம். ஆம்பளப் புள்ளதான்னு சடச்சி இப்பவே சேவல் வளக்குது.”

“சேவலுக்குக் கெட்ட காலம்.”

“தல வலிக்குதுன்னு துணிய இறுக்கிக் கட்டிக்கினு உக்காந்திருக்கு. புருசன் நெனப்பு வேற என்ன?”

நகைத்தேன். “சரி தீர்த்தா, வழிய விடு. மணியாச்சு” என்றேன்.

பாடம் 15 கைகழுவும் முறை பற்றியது. ஏழு படிநிலைகள். இருவருக்கும் முழு மதிப்பெண்.

பிப்ரவரி 15, சனி

நேற்றைய பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். “மிக நன்று! உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது. தொடர்ந்து கற்போம்!” தாமரை.

பிப்ரவரி 19, புதன்

காலை எட்டு மணியளவில் ஓடைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவரும் ஓசை கேட்டது. மூங்கிலில் புடவை கட்டித் தூக்கி வந்தனர். முன்னால் தீர்த்தம்மாள், தலைமுடி அவிழ்ந்து. தூளியில் இளவரசி. நான் அவளை அடையாளம் காணவில்லை. ஊதிய முகம். பல்லைக் கடித்திருந்தாள். கையில் ஓர் இரும்புச் சாவியைத் திணித்துத் துணியால் கட்டியிருந்தனர்.

“விடிகாலைல கண்ணு தெரியலன்னுச்சுக்கா. அப்புறம் இழுப்பு வந்துடுச்சு. மூணு வாட்டி. வழில ஒண்ணு” என்றார் தீர்த்தம்மாள்.

பாடம் 11-இல் கூறியவாறு இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். வாயில் எதையும் வைக்கக்கூடாதென்று கூறினேன். சாவியை எடுக்கப்போனபோது சடச்சி என் கையைத் தட்டிவிட்டாள். “தொடாத. இரும்பு இருந்தாத்தான் நிக்கும்.”

ஆம்புலன்சுக்குச் சொல்லவேண்டும். சொல்லவேண்டுமானால் பாறைக்கு ஏறவேண்டும். ஏறினேன். அரைமணி நேரமாகும் பாதை. எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று தெரியவில்லை. ஒரு கோடுதான் வந்தது. தார்ச்சாலைக்கு வண்டி வரும் என்றார்கள். பாறையின்மேல் நின்று பார்த்தேன். கீழே தூளி சிறிதாக, எறும்பு தூக்கிப்போகும் அரிசிபோல, சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

இறங்கியபின் ஆட்டைக் கட்டினேன். சோறு வடித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

குழந்தை இல்லை. பெண் குழந்தையாம்.

பிப்ரவரி 22, சனி

இளவரசி மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் தீவிரப் பிரிவில் இருக்கிறாள். கண் விழித்தாள் என்கிறார்கள், ஆளைத் தெரியவில்லை என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

ஈச்சங்குழிக்குச் சென்றேன். தீர்த்தம்மாள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டேன். எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தின் பின்னாலிருந்து எடுத்து வந்தார். மடிப்புக் கலையவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்.

“இத்தன அழகா எழுதினத எங்க வெக்கறதுன்னு தெரியல. அதான் சாமிகிட்ட வெச்சேன்.”

“படிச்சியா?”

“மொத நா கூட்டிப் பாத்தேன். ‘கருவுற்ற மகளிர்’ வரைக்கும் வந்தேன். மகளிருன்னா சங்கத்து லோன் சமாச்சாரம்னு நெனச்சிட்டேன்.” தாளை என்னிடம் நீட்டி, “இப்ப சொல்லுக்கா. அதுல என்ன எழுதியிருந்த?” என்றார்.

சொன்னேன். மூஞ்சி வீங்கினா, கை வீங்கினா, தல வலி விடாம இருந்தா, கண்ணு மங்கினா உடனே கீழ கூட்டிப் போகணும். இவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

தீர்த்தம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாந்தான் வந்து உங்கிட்டச் சொன்னேனேக்கா” என்றார். “பாறைக்குப் போற வழில. எல்லாத்தையும் சொன்னேன். மோதரம் கூடச் சொன்னேன்.”

பாடங்கள் 17, 18 செய்யவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதினான்காம் தேதியிட்ட பக்கத்தை மீண்டும் வாசித்தேன். என் கையெழுத்துதான். ஒரு பிழையும் இல்லை. அப்பக்கத்தைத் தாங்களும் வாசித்தீர்கள். தாமரை அனுப்பினீர்கள்.

பாறைக்கு ஏறிக் குறிப்பேட்டின் வெற்றுப் பக்கம் ஒன்றைப் படம்பிடித்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் மறுமொழி வந்தது. “மிக நன்று! உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது.” ஆட்டின் படம் ஒன்றையும் அனுப்பினேன். மிக நன்று.

ஸ்டெல்லா சிஸ்டரை அழைத்தேன். மலையின் மறுபக்கத்தில் இருக்கிறார். இளவரசியைப் பற்றிச் சொன்னேன். “ஏழாம் தேதி நான் வந்திருக்கணும்க்கா. வழக்கமான தேதி. பட்டையச் சுத்தினா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“இப்ப வாங்க சிஸ்டர்.”

“ஜீப் என் கையில இல்லக்கா. உங்க தடம் பட்டியல்ல பச்சையா இருக்கு. தீர்த்தம்மா நூத்துக்கு நூறு. அந்த ஊருக்கு எதுக்குப் போறேன்னு கேக்கறாங்க. அதான் நானும் யோசிச்சேன், தீர்த்தம்மா எப்படிக்கா நூறு வாங்குச்சு?”

சிக்னல் விட்டுப்போயிற்று என்று எழுத நினைத்தேன். விட்டுப்போகவில்லை. நான்தான் துண்டித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பயிற்சி நிறைவடைவதால் இம்மாதம் 28-ஆம் தேதியுடன் நாட்குறிப்பு அனுப்பும் வசதி மூடப்படும் என்று செய்தி வந்திருக்கிறது. சிறந்த மாணவர் வரிசையில் தீர்த்தம்மாள் பெயர் இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

அம்மா,

இதை யார் படிப்பீர்கள் என்று தெரியாது. அனுப்பிய பக்கமெல்லாம் எங்கோ சேர்ந்து கிடக்கும், என்றைக்காவது ஒருவர் திறந்து பார்ப்பார் என்று, இன்று நான் மீண்டும் அழைத்தபோது சிஸ்டர் சொன்னார். அந்த ஒருவருக்கு எழுதுகிறேன். தீர்த்தா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வரியும் எழுதியதும் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவளுக்குப் புரியாததை அடித்துவிடுகிறேன்.

தீர்த்தா ஒரு பாடமும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கும் பதில் அமுக்கவில்லை. ஏழாம் பாடத்திலிருந்து எல்லாம் நான் அமுக்கியது. அதற்கு முன்னால் அவள் விட்டுவைத்திருந்த ஆறும் நான்தான். அவள் நூறு வாங்கியதால் இரண்டு ஊரும் தேறியது. தேறியதால் நர்ஸ் வருவது நின்றது. நர்ஸ் வராததால் இளவரசியின் கையில் யாரும் பட்டை சுற்றவில்லை. முகம் வீங்கியதை தீர்த்தா என்னிடம் சொன்னாள். நான் பாடத்துக்கு நேரமாகிறது என்று போனேன்.

தண்டனை எனக்குக் கொடுங்கள். தீர்த்தாவின் வேலையை எடுக்க வேண்டாம். (இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

அவசரம் வேறு. ஈச்சங்குழியில் இன்னும் ஒரு பெண் இருக்கிறாள். செண்பகம். எட்டாம் மாதம். நேற்று நானும் தீர்த்தாவும் போய்ப் பார்த்தோம். கால் வீங்கியிருக்கிறது. முகமும் வீங்கியிருக்கிறது என்று நான் சொல்கிறேன். அவள் எப்போதும் குண்டு மூஞ்சிதான் என்று தீர்த்தா சொல்கிறாள். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அளந்து பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. கருவி நர்ஸிடம்தான் இருக்கிறது.

கீழே கூட்டிப்போகிறோம் என்றோம். செண்பகத்தின் மாமியார் கதவில் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள். “கீழ போனவ புள்ளய உட்டுட்டு, தானும் யாருன்னு தெரியாமக் கெடக்கறா. நூறு மார்க்குக்காரிங்க சொல்லி எம் மருமவ மலை எறங்கமாட்டா. நர்சம்மா வரட்டும். பட்டையக் கட்டிப் பாத்து அந்தம்மா சொன்னா அனுப்பறேன்” என்றாள். உள்ளேயிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். “தல வலிக்குதாம்மா?” என்று கேட்டேன். மாமியாரைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊர்களின் பச்சையை எடுத்துவிடுங்கள். தீர்த்தாவுக்குப் பூஜ்யம் போடுங்கள். எனக்கும் போடுங்கள். ஸ்டெல்லா சிஸ்டரை ஈச்சங்குழிக்கு அனுப்புங்கள்.

பூப்படம் வேண்டாம். நாளை விடிந்ததிலிருந்து நாங்கள் இருவரும் பாறையில்தான் இருப்போம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.